தள்ளுவண்டியும் வாகனமே

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

கற்பனை என்ற சொல்லைக் கேட்டதும் கவிஞர்களும் ஓவியர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். அறிவியல் மாணவருக்குக் கற்பனை எதற்கு என்று கேட்போரும் உண்டு. நமக்குச் சூத்திரம் இருக்கிறது. செய்முறைக் குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு விடை இருக்கிறது. அந்த விடையை அடைந்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் பேருந்தும், கையில் பிடிக்கும் பேனாவும், தெருமுனையில் தண்ணீர் அடிக்கும் பம்பும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் மனத்தில் வெறும் யோசனையாக இருந்தவைதாமே! அந்த யோசனை எவ்வாறு பிறந்தது என்பதை நான் படித்த பாடப்புத்தகம் எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் அறிவியல் மன்றத்தின் சார்பில் பத்து நாள் பயிற்சி வகுப்பு ஒன்று நடைபெற்றது. வாகன வடிவமைப்பில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் அதை நடத்தினார். புதிய பொருள்களுக்கும் வாகனங்களுக்கும் யோசனைகளை உருவாக்குவது எப்படி என்பதே பொருள். முப்பது பேர் சேர்ந்தோம். அங்கே கற்றவற்றைத் தோழர்களோடும் தோழியரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கற்றவற்றுள் தலையாயதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோசனை வானத்திலிருந்து சிலர் தலையில் மட்டும் விழுவதில்லை. உழவைப் போல, நெசவைப் போல, அதுவும் முறை அறிந்து செய்யும் ஒரு வேலை. முறையைக் கற்றால் நம்மைப் போன்றோரும் செய்யலாம்.

பொருளை மறந்து வேலையை நினை

முதல் நாள் எங்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, “புதுமையான குடை ஒன்று வரையுங்கள்” என்றார் ஆசிரியர். முப்பது தாள்களிலும் முப்பது குடைகள் வந்தன. ஒன்றில் விளக்கு இருந்தது, ஒன்றில் விசிறி இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு கம்பும் அதன் மேல் ஒரு துணியும் இருந்தன. பிறகு கேள்வியை மாற்றினார். “மழை நாளில் நனையாமல் வகுப்புக்கு வர என்னென்ன வழிகள்?” என்றார். இப்போது விடைகள் பல திசைகளில் பாய்ந்தன. வாசலிலிருந்து வகுப்பு வரை கூரை போடலாம். மழை நேரத்தில் மணி அடிப்பதைப் பத்து நிமிடம் தள்ளலாம். புத்தகங்களை வகுப்பிலேயே வைத்துப் பூட்டலாம். விரைவில் உலரும் துணியில் ஆடை தைக்கலாம். ‘குடை’ என்ற பெயர் எங்கள் மனத்தைக் கம்போடு கட்டி வைத்திருந்தது. பெயரை எடுத்துவிட்டு வேலையைச் சொன்னதும் கட்டு அவிழ்ந்தது.

இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு பிரான்சு நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தின் ‘2 சி.வி.’ என்னும் கார். 1930-களில் அந்நிறுவனத்தை நடத்திய பியேர் பூலான்ழே தம் பொறியாளர்களிடம், ‘மலிவான சிறிய கார் செய்யுங்கள்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அது செய்ய வேண்டிய வேலையைப் பட்டியலிட்டார். இரண்டு உழவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும்; 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கக்கூடாது; உழுத நிலத்தின் குறுக்கே ஒரு கூடை முட்டையை எடுத்துச் சென்றால் ஒன்றும் உடையக்கூடாது.

இந்தப் பட்டியலில் எஞ்சினின் அளவோ, கதவின் வடிவமோ இல்லை என்பதைக் கவனியுங்கள். உடையாத முட்டை என்ற ஒரு சொல்லே முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஸ்பிரிங்கினால் இணைத்த மென்மையான தொங்கல் அமைப்புக்கு இட்டுச் சென்றது. உயரமான மூட்டை ஏற்ற வேண்டும் என்ற தேவை சுருட்டி வைக்கக்கூடிய துணிக் கூரையைத் தந்தது. இடையில் உலகப் போர் வந்ததால் வண்டி 1948-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில்தான் மக்கள் முன் வந்தது. அதன் எஞ்சின் வெறும் 375 கன சென்டிமீட்டர். இன்றைய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சின் அளவுதான். எனினும் 1990 வரை அந்தக் கார் உற்பத்தியில் இருந்தது. கேட்கும் கேள்வி சரியாக இருந்தால் அதன் விடை நாற்பது ஆண்டுகள் ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் குழு எடுத்த பொருள்

இரண்டாம் நாள் ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரிந்தோம். நம் ஊரில் ஓடும் வாகனம் ஒன்றைத் தேர்ந்து அதற்குப் புதிய யோசனைகள் தர வேண்டும். ஒரு குழு மின்சாரக் காரை எடுத்தது. ஒரு குழு ஆம்புலன்சை எடுத்தது. எங்கள் குழுவில் நான் தள்ளுவண்டியைச் சொன்னேன். அடுத்த வரிசையில் சிலர் சிரித்தனர். “அதெல்லாம் ஒரு வாகனமா?” என்று ஒருவர் கேட்டே விட்டார். ஆசிரியர் சிரிக்கவில்லை. “சக்கரம் இருக்கிறது. சுமை ஏற்றுகிறது. சாலையில் போகிறது. வேறென்ன வேண்டும்?” என்றார்.

என் தந்தை இருபது ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். அதனால்தான் அதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் பொருள்களைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு பொருளை எப்படிச் செய்வது என்று முடிவு செய்வோர் எங்கோ தொலைவில் இருப்பார்கள்; நாம் அதை வாங்குவோம், பழுது பார்ப்போம், கயிறு கட்டி ஓட்டுவோம். அந்தத் தொலைவு எத்தனை காதம் என்பதை அளந்து பார்க்கும் ஆசை எனக்குள் இருந்தது.

முறைப்படி, ‘புதிய தள்ளுவண்டி’ என்று எழுதாமல் வண்டியின் வேலைகளைப் பிரித்து எழுதினோம். சுமையைத் தாங்குவது, நகர்வது, திரும்புவது, நிற்பது, நிழல் தருவது, காயை வாடாமல் காப்பது, வாங்குவோர் கண்ணில் படச் செய்வது என்று ஏழு வேலைகள் வந்தன. இவற்றுள் ‘நிற்பது’ என்ற வேலைக்கு வண்டியில் எந்த உறுப்பும் இல்லை என்பது எழுதிய பிறகுதான் கண்ணுக்குப் புலப்பட்டது. தெருவோரம் கிடக்கும் கல் ஒன்றைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள். கல் கிடைக்காவிட்டால் முட்டுக்கட்டை. அரசியல் மேடைகளில் அடிக்கடி கேட்கும் அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்பது அன்று எனக்கு நன்றாக விளங்கியது!

முதலில் எண்ணிக்கை, பிறகு தராசு

அடுத்த பாடம், யோசனைகளைக் கூட்டுவது. அமெரிக்காவில் விளம்பரத் தொழிலில் இருந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்பவர் 1953-இல் வெளியிட்ட நூலில் ‘பிரெயின்ஸ்டார்மிங்’ என்னும் முறையை விரிவாக விளக்கினார். அதன் விதிகள் நான்கு. யோசனை சொல்லும் நேரத்தில் யாரும் யாரையும் குறை கூறக்கூடாது. எவ்வளவு விந்தையான யோசனையானாலும் வரவேற்க வேண்டும். எண்ணிக்கை மிகுதியாக வேண்டும். ஒருவர் யோசனையின் மேல் மற்றவர் இன்னொன்றைக் கட்டலாம். நெல்லைத் தூற்றுவதற்கு முன் அடித்துக் குவிக்க வேண்டும் அல்லவா? அதுபோல்தான் இதுவும். குவிக்கும்போதே தூற்றத் தொடங்கினால் களத்தில் ஒன்றும் சேராது.

ஆனால் இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு குழுவாகக் கூடிப் பேசியவர்களைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக அமர்ந்து எழுதியவர்களின் யோசனைகளைத் தொகுத்தால் அவையே எண்ணிக்கையில் அதிகம் என்று 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. காரணம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். குரல் உயர்ந்தவர் பேசுவார். மற்றவர் அவர் போன வழியே போவார்கள்.

எனவே எங்கள் வகுப்பில் முதல் பதினைந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனித் தாள்களில் எழுத வேண்டும், அல்லது வரைய வேண்டும். பிறகு எல்லாத் தாள்களையும் பெயர் போடாமல் சுவரில் ஒட்ட வேண்டும். அதன் பின்புதான் பேச்சு. இந்தப் பதினைந்து நிமிட அமைதி எங்களில் பலருக்கு ஒரு விடுதலையாகவே இருந்தது. ஆங்கிலத்தில் கேள்வி வந்தால் தலை குனிகிறவர்கள், எழுந்து நின்றால் நா வறண்டு போகிறவர்கள், இவர்கள் தாள்களெல்லாம் சுவரில் மற்றவர் தாள்களுக்குச் சமமாக ஒட்டப்பட்டிருந்தன. மூன்று ஆண்டுகளாகப் பள்ளியிலும் இரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியிலும் என்னோடு படித்துவரும் தோழி ஒருத்தி வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதேயில்லை. ‘நிற்பது’ என்ற ஒரு வேலைக்கு மட்டும் அவள் எழுதிய வழிகள் பதினொன்று!

எங்கள் ஐவருக்குமாக அந்த வேலைக்கு மட்டும் முப்பத்தெட்டுத் தாள்கள் சேர்ந்தன. சைக்கிள் பிரேக், கீழே இறங்கும் கால், படகைப் போல நங்கூரம், சதுரச் சக்கரம், வண்டியின் எடையே சக்கரத்தை அழுத்தும் அமைப்பு, கூடவே நடக்கும் ஆடு என்று எல்லாம் இருந்தன. ஆட்டைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், கிழிக்கவில்லை.

பிரித்துச் சேர்த்தல்

இயற்பியல் படிப்போர் பிரிட்ஸ் ஸ்விக்கி என்ற பெயரை அறிந்திருக்கலாம். விண்மீன் திரள்களின் கூட்டம் ஒன்றை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ‘இருண்ட பொருள்’ அங்கே இருக்க வேண்டும் என்று 1933-இல் எழுதிய வானியலறிஞர் அவர். அவரே யோசனைகளை உருவாக்குவதற்கும் ஒரு கட்டத்தை வகுத்தார் என்பது எனக்குப் புதிய செய்தி. ஒரு பொருளின் வேலைகளை இடப்பக்கம் கீழ்க்கீழே எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைச் செய்யும் பல வழிகளை எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கோத்தால் ஒரு முழு யோசனை கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். நான்கு வேலைகள், வேலைக்கு ஐந்து வழிகள் என்றால் 5×5×5×5, அதாவது 625 வண்டிகள்! அவற்றுள் பல உதவாதவை. சில நடக்கவே முடியாதவை. ஆயினும், வேறு எவ்வகையிலும் மனம் சென்றிருக்காத மூலைகளுக்கு அந்தக் கட்டம் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது.

கட்டம் போட்டுத்தான் செய்தார் என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வாறு பிரித்துப் பார்த்தால் நன்கு விளங்கும் வாகனம் வெஸ்பா ஸ்கூட்டர். அதை வடிவமைத்த கொரதீனோ தஸ்கானியோ ஒரு வானூர்திப் பொறியாளர். 1930-இல் ஹெலிகாப்டர் ஒன்றைப் பறக்கவிட்டவர். மோட்டார் சைக்கிளை அவருக்குப் பிடிக்காது. அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். எஞ்சினும் சங்கிலியும் உடையை அழுக்காக்கும். சக்கரம் பஞ்சரானால் கழற்றுவது கடினம். ஒவ்வொரு குறையையும் ஒரு வேலையாக அவர் எடுத்துக்கொண்டார். நாற்காலியில் அமர்வதுபோல் அமரும்படி நடுவில் காலியிடம் விட்டார். எஞ்சினைப் பின் சக்கரத்தின் அருகிலேயே வைத்துச் சங்கிலியை நீக்கினார். விமானத்தின் இறங்கு சக்கரத்தைப் போல முன் சக்கரத்தை ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கச் செய்ததால் கழற்றி மாட்டுவது எளிதாயிற்று. 1946-இல் அந்த வண்டி இத்தாலியில் வெளிவந்தது. வெஸ்பா என்றால் அம்மொழியில் குளவி என்று பொருள். சேலை உடுத்திய பெண்கள் நம் ஊரில் ஸ்கூட்டர் ஓட்ட முடிவது, நடுவில் விட்ட அந்தக் காலியிடத்தால்தான்.

முன்மாதிரி என்னும் முட்டுக்கட்டை

நான்காம் நாள் ஆசிரியர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் அதை வெளியிட்டனர். சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கும்படி பங்கேற்றவர்களிடம் கூறினர். உறிஞ்சுகுழல் வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஒரு பகுதியினருக்கு முன்மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினர். அதில் உறிஞ்சுகுழல் இருந்தது. மற்றவர்களுக்குப் படம் எதையும் காட்டவில்லை. விளைவு என்ன தெரியுமா? படம் பார்த்தவர்களிடையே, கூடாது என்று சொல்லியிருந்தும், குழல் வைத்து வரைந்தவர்கள் அதிகம். முன்மாதிரியின் நன்மையோடு அதன் குறையும் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இதைக் கேட்டபோது தேர்வுக்கு முந்தைய இரவுகளில் நாம் கையில் வைத்திருக்கும் ‘கைடு’ என் கண்முன் வந்தது. கைடைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத என்னைப் போன்றவர்களைத் தேர்வில் கரை சேர்த்தது அதுதான். ஆனால் மாதிரி விடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விடை இல்லாத கேள்வி என்றாலே அச்சம். அதனால் ஆசிரியர் ஒரு விதி வைத்தார். முதல் ஐந்து யோசனைகளை நீங்களே எழுதும் வரை கைப்பேசியில் எதையும் தேடக்கூடாது; கேட்டவுடன் பட்டியல் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவையும் கேட்கக்கூடாது. அதன் பின் தாராளமாகத் தேடலாம். தேடுவது தவறில்லை, எந்த நேரத்தில் தேடுகிறோம் என்பதே முக்கியம்.

வெகுதூரத்தில் தேடுவது நல்லது என்பதற்கும் சான்று உண்டு. ஜப்பானில் அதிவேக ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது முன்னே காற்று அழுந்தி, மறுமுனையில் வெடிபோன்ற ஓசை எழுந்தது. அங்கே பொறியாளராக இருந்த எய்ஜி நகாட்சு பறவைகளை உற்றுநோக்கும் பழக்கம் உடையவர். மீன்கொத்தி, அடர்த்தி குறைந்த காற்றிலிருந்து அடர்த்தி மிகுந்த நீருக்குள் அதிகம் தெறிக்காமல் பாய்கிறது. ரயிலின் சிக்கலும் அழுத்தம் சட்டென மாறுவதுதானே! 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் நீண்ட மூக்கு அந்தப் பறவையின் அலகை ஒத்தது. நம் ஊர்க் குளத்தங்கரை மின்கம்பியிலும் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. நாம் அதைப் பார்க்கும்போது என்ன கேள்வியை மனத்தில் வைத்திருக்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

கட்டுப்பாடு பகையன்று

வசதி இருந்தால்தான் புதுமை செய்யலாம் என்று நான் எண்ணியிருந்தேன். 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. மிகச் சிறிய கார் ஒன்று வேண்டும். ஆனால் நான்கு பேர் உட்கார வேண்டும். இருக்கும் எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்று அலெக் இசிகோனிசுக்குக் கட்டளை. நீளம் சுமார் மூன்று மீட்டர். அந்த நெருக்கடியில்தான் அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதன் அடியில் நுழைத்தார். சக்கரங்களை 10 அங்குலமாகக் குறைத்தார். 1959-இல் வந்த அந்த ‘மினி’ காரின் தரைப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்காகவே இருக்கிறது. இடம் தாராளமாக இருந்திருந்தால் அதைத் திருப்பி வைக்கும் தேவையே வந்திராது.

எங்கள் வண்டிக்கும் மூன்று கட்டுப்பாடுகளை எழுதினோம். செலவு 1,500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தெருமுனைச் சைக்கிள் கடையில் பழுது பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். விற்பவரின் இரு கைகளும் காய் நிறுக்க ஓய்வாக இருக்க வேண்டும். முப்பத்தெட்டுத் தாள்களில் ஏழு நின்றன.

தள்ளுபவர் சொன்னது

அந்த ஏழில் எல்லோருக்கும் பிடித்தது விமான நிலையப் பெட்டி வண்டியின் முறை. கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் பிரேக் விடும். கையை எடுத்தால் பிடிக்கும். படத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குச் சென்றோம். பழம் விற்கும் அக்கா ஒருவர் படத்தைப் பார்க்கும் முன்பே, “இந்தக் கைப்பிடி ஆம்பளைங்க உசரத்துக்குப் பண்ணினது தம்பி, எனக்குத் தோள் வலிக்குது” என்று எங்கள் குழு மாணவரிடம் சொன்னார். உயரம் என்ற ஒன்று எங்கள் ஏழு வேலைகளிலும் இல்லை. உடனே எட்டாவதாக எழுதிக்கொண்டோம்.

மாலையில் என் தந்தையிடம் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

“ஏம்மா, ஏத்தத்துல நான் எங்க கைப்பிடியைப் புடிக்கிறேன்? நெஞ்சைக் குடுத்துல்ல தள்ளுறேன்” என்றார்.

“இறக்கத்துல என்னப்பா செய்வீங்க?”

“இறக்கத்துல வண்டி முன்னால ஓடும். நான் பின்னால சாஞ்சு இழுத்துப் புடிப்பேன். ரயில்வே பாலம் இறங்குறதுக்குள்ள கை ரெண்டும் மரத்துப் போயிடும்.”

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். வண்டியும் சுமையுமாக 200 கிலோ. இருபதுக்கு ஒன்று என்ற சரிவு. சரிவின் திசையில் இழுக்கும் விசை 200×9.8÷20, அதாவது 98 நியூட்டன். ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு பாலம் முழுவதும் நடப்பதற்கு ஒப்பு. வகுப்பில் சாய்தளக் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அதன் விடையை நாள்தோறும் இரு கைகளால் தாங்குபவர் எதிரில் அமர்ந்திருக்க, அந்தக் கணக்கைப் போட்டது அதுவே முதல் முறை.

மறுநாள் தந்தை சொன்னதைக் குழுவில் சொன்னேன். வாய் திறவாத அந்தத் தோழிதான் தாளை எடுத்து வரைந்தாள். கைப்பிடிக் கம்பியை ஒரு கீலில் மாட்டினாள். முன்னே தள்ளினால், கையாலோ நெஞ்சாலோ, பிரேக் விடும். விட்டுவிட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிரேக்கைப் பிடிக்கும். இறக்கத்தில் பின்னே சாய்ந்து இழுத்தால் இன்னும் இறுகப் பிடிக்கும். புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. ஏற்றத்தில் தள்ளுவதும் இறக்கத்தில் இழுப்பதும் உடம்பு ஏற்கெனவே செய்து வரும் வேலை. விமான நிலைய வண்டி பாதி, என் தந்தையின் நெஞ்சு பாதி என்று சொல்லலாம்.

தேர்தலும் சோதனையும்

யோசனைகளைக் குவிக்கும்போது தராசு கூடாது. முடிவு செய்யும்போது தராசு கட்டாயம். ஸ்டூவர்ட் பியூ என்ற பிரித்தானியப் பேராசிரியரின் முறையை இதற்குப் பயன்படுத்தினோம். இப்போதிருக்கும் பொருளை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு யோசனையும் ஒவ்வோர் அளவுகோலிலும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று குறிக்க வேண்டும். எங்களுக்கு அடிப்படை, அந்தக் கல்! செலவில் கல்லை எந்த யோசனையாலும் வெல்ல முடியவில்லை. ஆனால் இறக்கத்தில் கல் உதவாது. திடீரென்று குழந்தை குறுக்கே ஓடினால் குனிந்து கல் தேட நேரமிராது. அந்த இரண்டு வரிசைகளில் கீல் கம்பி வென்றது.

நம் கிராமங்களில் காணும் ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பின் கதையும் இதுவே. ஒரு குடும்பத்தின் உபயோகத்துக்கேற்ற வார்ப்பிரும்புப் பம்புகளை ஊருக்கே பொதுவாக வைத்தபோது அவை விரைவில் உடைந்தன. மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர்ப் பகுதிகளில் செய்யப்பட்ட உறுதியான எஃகுப் பம்புகளை அடிப்படையாகக் கொண்டு, இந்திய அரசும் யுனிசெப் நிறுவனமும் சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் ஆலையும் 1970-களில் புதிய பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளில் வைத்துச் சோதித்த பிறகே பெருமளவில் செய்யத் தொடங்கினர். பின்னர் அது பல நாடுகளுக்கும் சென்றது. நாள் முழுதும் பலர் அடிக்கும் அடியே அந்தப் பம்பின் தேர்வுத்தாள்.

நாங்களும் ஒரு பழைய வண்டியில் சைக்கிள் கடையின் பிரேக் கட்டைகளையும் ஸ்பிரிங்கையும் கொண்டு அமைத்துப் பார்த்தோம். சமதரையில் நின்றது. பாலத்து இறக்கத்தில் 100 கிலோ வரை நன்றாகப் பிடித்தது; அதற்கு மேல் நழுவியது. என் தந்தை இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மழையில புடிக்குமா?” தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ரப்பர் வழுக்கியது. அப்போது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. “அப்ப சைக்கிள் கட்டை வேணாம், வேற ஏதாவது யோசி” என்றார். பொருளை முடிவு செய்வோர் எங்கோ தொலைவில் இருக்கிறார்கள் என்று நம்பிய எங்கள் வீட்டில், ‘யோசி’ என்ற சொல் அவ்வளவு இயல்பாக ஒலித்ததை நான் மறக்க மாட்டேன்.

ஒரு வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்கு மாணவர் சார்பில் ஒரு வேண்டுகோள். நம் ஆய்வுக்கூடத்தில் பருவத்துக்கு ஒரே ஒரு செய்முறையையாவது, வழிமுறை எழுதாமல் எங்களிடம் கொடுங்கள். ‘மேல்நிலை நீர்த்தொட்டியின் உயரத்தை எத்தனை வழிகளில் அளக்கலாம்?’ என்பது போன்ற வினாவாக இருக்கட்டும். விடைக்கு ஐந்து மதிப்பெண், வழிகளின் எண்ணிக்கைக்கு ஐந்து மதிப்பெண் என்று வைத்துப் பாருங்கள். பின்வரிசையிலிருந்து எத்தனை தாள்கள் வருகின்றன என்பதைக் கண்டு தாங்களே வியப்பீர்கள்.

தோழர்களே, தோழியரே! அறிவியல் மன்ற அறையின் கிழக்குச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டியிருக்கிறோம். அதன் தலைப்பில், ‘மழையில் நனைந்த சக்கரத்தை 200 கிலோ சுமையோடு நிறுத்துவது எப்படி?’ என்று எழுதியிருக்கிறோம். கீழே இதுவரை பதினான்கு யோசனைகள் உள்ளன. அந்த ஆடும் அங்கே இருக்கிறது. பெயர் போட வேண்டியதில்லை. எந்தத் துறையினரும் எழுதலாம். பென்சில் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மழைக்காலம் வருவதற்குள் வாருங்கள்.